பல்லுக்கொழுக்கட்டை நாளில் எல்லையைக் காத்தவன்

பிரவீணன் என்ற ஒருவன் மட்டும் இல்லாதிருந்தால் ஐரோப்பாவின் கிழக்கு எல்லை அந்தக் குளிர்காலத்திலேயே இடிந்து விழுந்திருக்கும். சரி, இது கொஞ்சம் கூடிப்போச்சு. எல்லை தன்பாட்டில் நின்றது. டாங்கிகள் நின்றன, அவற்றுக்குப் பக்கத்தில் வாட்டசாட்டமான சிப்பாய்கள் நின்றார்கள். பிரவீணன் அவர்களுக்கு முட்டை பொரித்தான். ஆனாலும் காலைச் சாப்பாடு இல்லாத சிப்பாய் அந்தப் பனிக்குள் எவ்வளவு நேரம் நிற்பான் என்று யோசித்தால், முதலில் சொன்னது அவ்வளவு பெரிய பொய்யும் அல்ல.

லண்டன் கிங்ஸ்பரியில், ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கும் ஒரு வீட்டில் வளர்ந்தவன் அவன். தகப்பன் சண்முகராசா ஆமிக்குப் பயந்து இலங்கையை விட்டு ஓடியவர். அந்த ஓட்டம் ஜெர்மனியிலும் நிற்காமல், லண்டனுக்கு வந்த பிறகுதான் மூச்சு வாங்கியது. அப்படிப்பட்டவரின் ஒரே மகன், கணக்கியல் பரீட்சை மூன்றுதரம் தன்னைத் தோற்கடித்த கோபத்தில், நேரே போய் பிரிட்டிஷ் ஆமியில் சேர்ந்துவிட்டு வந்து நடுவீட்டில் நின்றான்.

"ஆமியோ?" என்ற சண்முகராசா கதிரையில் இருந்தபடியே பின்கதவைப் பார்த்தார். பழக்கதோஷம்.

"சமையல் பகுதி அப்பா. செஃப்."

"சுடுவியோ?"

"தோசை கேட்டால் சுடுவன்."

அன்றோடு அந்த வீட்டில் ஆமி என்ற சொல்லுக்குத் தடை விழுந்தது. கோயிலில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், "அவர் கேற்றறிங்கில இருக்கிறார். வெளிநாட்டுக் கொன்ராக்ற்" என்பார் சண்முகராசா. உண்மையைச் சொல்லியே உண்மையை மறைக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. பிரவீணனும் அதற்காக வருந்தவில்லை. கண்ணாடி முன்னால் சீருடையோடு நின்று பார்த்தபோது அவனுக்கே அது யாரோ இரவல் தந்த உடுப்புப்போலத்தான் இருந்தது.

பிறகு அவனுக்குக் கலியாணம் நடந்தது. பிரீத்தா வெம்பிளியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். குறைவாகப் பேசுவாள், பேசினால் குறி தவறாது. சுடத் தெரிந்தவள் உண்மையில் அவள்தான். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். சுவர்ணா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வீட்டில் எல்லாரும் சரியாகக் கூப்பிடப் பழகுவதற்குள் அவனுக்கு எஸ்தோனியாவுக்குப் போகும்படி உத்தரவு வந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு போர் வருடக்கணக்காக அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அது பரவாமலிருக்க நிறுத்திய படைகளுக்குள் அவனுடைய படையும் ஒன்று.

"பயமா இருக்கே?" என்று வாசலில் வைத்துக் கேட்டாள் பிரீத்தா.

"எனக்கோ? சீச்சீ."

"அப்ப ஏன் என்ர கோட்டைப் போட்டுக்கொண்டு போறீங்கள்?"

எஸ்தோனியாவில் அவனுக்கு எதிரியாக இருந்தவை மூன்று: பனி, மாட்டிறைச்சிக் குழம்பில் மிளகாய்த்தூள் போடக்கூடாது என்ற விதி, பிரீத்தாவின் நினைவு. முதலிரண்டையும் ஒருவாறு சமாளித்தான். பிரீத்தா எந்தத் தேநீரையும் பாதி குடித்துவிட்டு எங்கேயாவது வைத்துவிடுவாள். மிச்சத்தை முடிப்பது இத்தனை காலமும் அவன் வேலை, அதற்காக அவளைத் திட்டுவதும் அவன் வேலை. முகாமில் அவனுக்கென்று முழுக் கோப்பைத் தேநீர் கிடைத்தது. பாதிக்குமேல் இறங்கவில்லை.

மகளின் நினைவு வேறு மாதிரி வந்தது. ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன், பெரிதாக, உருண்டையாக இருந்த ஒரு கிழங்கை உரிக்காமல் உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டே இருந்தான். கூடச் சமைக்கும் செமி அதைப் பார்த்துவிட்டான். செமி பிஜித் தீவுக்காரன், நாலு பிள்ளைகளின் தகப்பன், அடுப்படி வாசலை முழுதாக அடைக்கும் உடம்பு.

"அதுக்குப் பேர் வைச்சிட்டியா?" என்று கேட்டான் செமி.

பிரவீணன் கிழங்கைச் சட்டிக்குள் போட்டான். போட்டபிறகு எடுத்து வேறாக வைத்தான். அன்று அதைச் சமைக்க அவனுக்கு மனம் வரவில்லை என்பதை செமி யாருக்கும் சொல்லவில்லை, பத்துப் பன்னிரண்டு பேரைத் தவிர.

கிங்ஸ்பரிக்கு அவன் வீடியோவில் கதைப்பான். பிரீத்தா பிள்ளையை மடியில் வைத்துப் போனை முன்னால் பிடிப்பாள். சுவர்ணா அவனை ஒரு கணம் பார்ப்பாள். ஒரு படைத்தளபதி பொத்தான் பூட்டாத சிப்பாயைப் பார்ப்பதுபோன்ற பார்வை. பிறகு கையைத் தூக்கி, திரையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை 'டப்' என்று அடிப்பாள். அவ்வளவுதான், பிரவீணன் இருட்டுக்குள் போய்விடுவான். திரும்ப எடுத்தாலும் அதே பார்வை, அதே டப். அவன் பாடிப் பார்த்தான். சமையல் தொப்பியைப் போட்டுப் பார்த்தான். இரண்டு கரட்டை மூக்குக்குள் செருகிப் பார்த்தான். அன்று டப் இன்னும் வேகமாக விழுந்தது.

"பிள்ளைக்கு என்னை ஆரெண்டே தெரியேல்லை" என்றான் பிரீத்தாவிடம்.

"சின்னப் பிள்ளைதானே. அவளுக்கு உங்களில விருப்பம்தான், எத்தனைதரம் சொல்லுறது?"

"சும்மா ஆறுதல் சொல்லாதையும். செமி எட்டிப் பார்த்தால் சிரிக்கிறாள்!"

"செமியைப் பார்த்தால் ஆருக்கும் சிரிப்பு வரும்."

அவள் பகிடியாகச் சொல்லிவிட்டு குப்பை எடுக்கும் நாள் மாறியதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். அவனுக்குக் குப்பை நாள் காதில் ஏறவில்லை. திரும்பிப் போகும்போது இந்தப் பிள்ளை தன்னை அன்னியன் என்று நினைத்து அலறினால் என்ன செய்வது? அதற்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை. சுடுகிற துவக்கைக் கழற்றிப் பூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள், பனிக்குள் புதைந்த லொறியை இழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கு ஒரு பாடமும் இல்லை.

இந்த நிலையில்தான் ஒருநாள் அவன் தாய் தவநாயகி வழமைக்கு மாறாகத் தானே போன் எடுத்தாள்.

"தம்பி! பல்லுக் கண்டிட்டுது!"

"ஆருக்கு அம்மா?"

"எனக்கே முளைக்கப்போகுது? பிள்ளைக்கடா! பிரீத்தா கஞ்சி பருக்க, கரண்டியில 'டிங்' எண்டு கேட்டதாம். ஞாயிற்றுக்கிழமை கொழுக்கட்டை கொட்டுறம்."

பல்லுக்கொழுக்கட்டை என்றால் சின்ன விசயமல்ல. மாவைக் குழைத்து, பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளே வைத்து, விளிம்பில் பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய்ச் சொட்டுகளைக் குத்தி அவிக்க வேண்டும். பிள்ளையை இருத்தி, தலைக்கு வெள்ளைத் துணி பிடித்து, அந்தக் கொழுக்கட்டைகளைத் தலையில் கொட்டினால் மிச்சப் பல்லெல்லாம் நோகாமல் வரிசையாக வரும். பிறகு பிள்ளைக்கு முன்னால் ஒரு தட்டத்தில் புத்தகம், பேனை, சங்கிலி, இப்படிப் பலதையும் பரப்புவார்கள். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். இந்தச் சடங்கில் மாமனுக்கு வேலை உண்டு, மாமிக்கு வேலை உண்டு, அப்பம்மாவுக்கு உண்டு, படம் எடுப்பவனுக்குக்கூட உண்டு. தகப்பனுக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. நிற்கலாம். அந்த நிற்கிற வேலையைத்தான் பிரவீணன் செய்ய ஆசைப்பட்டான்.

சார்ஜன்ட் புறூக்ஸிடம் போய் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கேட்டான். புறூக்ஸ் கடுமையானவர், ஆனால் பல்லுவலிக்காரர். எப்போதும் ஒரு பக்கக் கன்னத்தைத் தடவிக்கொண்டுதான் திட்டுவார்.

"சமயக் காரியமா?"

"ஓம் சார்ஜன்ட். மகளுக்குப் பல்லு முளைச்சிருக்கு."

"அதுக்கு?"

"தலையில பலகாரம் கொட்டுவோம்."

புறூக்ஸ் கன்னத்தைத் தடவுவதை நிறுத்தினார். "கொட்டினால்?"

"பல்லு நோகாது."

அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை ஓடி மறைந்தது. "ஒரு மணித்தியாலம் எடு" என்றார். "ஆனா அந்தப் பலகாரம் இங்கேயும் வேணும். எல்லாருக்கும்."

அரிசிமாவும் பயறும் பிரீத்தா முன்பே அனுப்பிய பார்சலில் இருந்தன. தேங்காய் மட்டும் இல்லை. செமி எங்கோ ஒரு நகரத்துக் கடையில் தேடிப்பிடித்து ஒன்று கொண்டுவந்தான். அது எந்தக் காலத்தில் எந்த மரத்தில் காய்த்ததோ, உடைக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரவீணன் அவசரத்தில் சொட்டுகளைத் தடிப்பாக வெட்டினான். அவன் அவித்த கொழுக்கட்டைகள் முதலை சிரிப்பதுபோல இருந்தன.

அடுப்படி மேசையில் மாவுப் பைக்கெட்டில் சாத்திவைத்த அவன் போனுக்குள் கிங்ஸ்பரி வீடு தெரிந்தது. பலூன், கேக், வெள்ளைப் பட்டுச் சட்டை போட்ட சுவர்ணா. பிரீத்தா தன் போனைத் தட்டத்துக்கு அந்தப்பக்கம், பிள்ளையைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தாள். ஆகவே தட்டத்தில் உள்ளதெல்லாம் பிரவீணனுக்குப் பெரிதாகத் தெரிந்தது: ஸ்டெதஸ்கோப், கல்குலேற்றர், புத்தகம், பேனை, சங்கிலி. யாரும் பார்க்காத நேரம் பார்த்து ஒரு கை ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளைக்குக் கிட்டத் தள்ளியது. சண்முகராசாவின் கை.

"அப்பா, அது கள்ள வேலை" என்றான் பிரவீணன்.

"நீ அங்க உன்ர எல்லையைப் பார்."

"ஒரு அகப்பையும் வையுங்கோவன் அம்மா."

"அகப்பையோ?" தவநாயகிக்கு மூச்சு நின்றது. "பிள்ளை அதைத் தூக்கினால்?"

"நானும் செஃப்தானே அம்மா."

"அதுதான் வைக்கேல்லை."

துணி பிடித்தார்கள். தவநாயகி கொழுக்கட்டைகளைக் கொட்டினாள். அவை வெள்ளைத் துணியில் விழுந்து நாலாபக்கமும் உருண்டன. சனம் கைதட்டியது. சுவர்ணா அழவில்லை. துணி விலகியதும் தட்டத்தைப் பார்த்தாள். கை நீண்டது. ஸ்டெதஸ்கோப்பைத் தாண்டியது. சண்முகராசாவின் பெருமூச்சு எஸ்தோனியா வரைக்கும் கேட்டது. கை இன்னும் நீண்டது.

அந்த நேரம் பிரவீணனுக்குப் பின்னால் ஒரு அலறல்.

ஒரு நாட்டின் ஆயுதம் தாங்கிய சார்ஜன்ட் அப்படி அலறினால் எவன்தான் திரும்பாமல் இருப்பான்? புறூக்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தேங்காய்ச் சொட்டைக் கடித்ததில், பல்லுவைத்தியர் அவர் பல்லுக்குக் கட்டிவிட்ட மூடி கழன்று கொழுக்கட்டைக்குள் போய்விட்டது. செமி கொழுக்கட்டையைப் பிரித்து, சர்க்கரைப் பாணிக்குள் இருந்து அதைத் தோண்டி எடுத்து, துடைத்து, மரியாதையாக நீட்டினான். பல் வருவதற்குச் செய்த பலகாரத்தில் பல் போனது, சடங்குகளின் வரலாற்றிலேயே அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

"நோகாது எண்டு சொன்னாய்!" என்றார் புறூக்ஸ்.

"தலையில கொட்டினால்தான் சார்ஜன்ட். நீங்கள் கடிச்சுப்போட்டீங்கள்."

பிரவீணன் திரும்பிப் பார்த்தபோது போனில் வீடு இல்லை. இருட்டு. இருட்டுக்கு நடுவில் ஈரமான இளஞ்சிவப்பு. அதில் ஒரு வெள்ளைப் புள்ளி, அரிசிக் குருணியளவு. அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மகளின் வாய். மகளின் பல். அவன் அந்த வாய்க்குள் இருந்தான். பிறகு டப்.

"என்னை எடுத்திட்டாள்!" அவன் அகப்பையைத் தூக்கி எறிந்தான். "அவ்வளவு சாமானையும் விட்டிட்டு என்னை எடுத்திட்டாள்!"

செமி அவனைத் தூக்கிச் சுற்றினான். மூடி கழன்ற புறூக்ஸ்கூட ஒருபக்கமாகச் சிரித்தார். பிரவீணன் திரும்பப் போன் எடுத்தான். பிரீத்தா திரையைத் துடைத்தபடி வந்தாள்.

"என்னைத்தானே எடுத்தவள்? பாத்தன்!"

பிரீத்தா அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் திறந்து மூடியது.

"ஓம்" என்றாள். "போன் அவளின்ர கையிலதான் இருந்தது."

அந்தக் கதை முகாமில் அவனோடு வளர்ந்தது. முதல்தரம் சொன்னபோது சுவர்ணா ஸ்டெதஸ்கோப்பைத் தாண்டினாள். அடுத்ததரம் அதைத் தட்டிவிட்டாள். மாதக் கடைசியில் அவள் சங்கிலியை எறிந்து, கல்குலேற்றரை உதைத்து, தவழவே தெரியாதவள் எழுந்து நடந்து வந்து தகப்பனின் முகத்தை எடுத்து முத்தமிட்டாள். போனில் மட்டும் அதற்குப் பிறகும் அதே பார்வை, அதே டப். அதை அவன் கதையில் சேர்க்கவில்லை.

வசந்தகாலத்தில் அவனுடைய முறை முடிந்தது. அக்கம்பக்கம் பார்க்கும் என்று தகப்பன் கேட்டுக்கொண்டதால் சாதாரண உடுப்பில் வந்து இறங்கினான். கிங்ஸ்பரி ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் ஓடினான். பிரீத்தா கதவைத் திறந்தாள். அவள் கையில் பாதி குடித்த தேநீர் இருந்தது. அதை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான்.

"ஆறின தேத்தண்ணியப்பா."

"தெரியும்."

முன்னறைக்குள் சண்முகராசாவின் மடியில் சுவர்ணா இருந்தாள். பிரவீணன் கைகளை விரித்தான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய தலை, கழுத்தடியில் அடுப்பு சுட்ட தழும்பு. நாலு பல்லும் தெரிய அலறினாள். அலறி, அப்பப்பாவின் சேட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"பிள்ளைக்கு நித்திரை" என்றார் சண்முகராசா.

"பசி" என்றாள் தவநாயகி.

எதிரிகள் ஒருவரும் பார்த்துப் பயப்படாத ஆளைப் பார்த்து மகள் பயந்தாள். பிரவீணன் விரித்த கைகளை மடக்கினான். அறைக்கு வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் குந்தினான். பைக்குள் போன் இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தன் வீட்டுப் படியில் இருந்துகொண்டு தன் வீட்டுக்கே வீடியோக் கோல் எடுத்தான்.

பிரீத்தா எடுத்தாள். பிள்ளையின் முன்னால் பிடித்தாள். அழுகை நின்றது. அதே தளபதிப் பார்வை. டப்.

"பாத்தீரே?" என்று படியில் இருந்து கத்தினான். "வீட்டுக்குள்ள வந்தும் வெட்டுறாள்!"

அப்போதுதான் கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. விக்கல்போல் தொடங்கிக் கட்டுக்கடங்காமல் உருளும் ஒரு சிரிப்பு.

"ஆர் அது?"

"ஆரோ? உங்கட மகள்தான்" என்றாள் பிரீத்தா. "எப்பவும் உங்களை வெட்டிப்போட்டுத்தான் சிரிக்கிறவள். திரும்ப வருவீங்களெண்டு போனையே பாத்துக்கொண்டு இருப்பாள். எத்தனைதரம் சொன்னனான், நீங்கள் நம்பினால்தானே? நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லுறன் எண்டு நினைச்சீங்கள்."

வெட்டுப்பட்டபிறகு நடக்கும் சிரிப்பை வெட்டுப்பட்டவன் எப்படிப் பார்ப்பான்? அவன் எழுந்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, முழங்காலில் இருந்து, முகத்தை மட்டும் இடுக்கால் நீட்டினான். போனளவு முகம். சுவர்ணா பார்த்தாள். அழவில்லை. தவழ்ந்து கிட்ட வந்தாள். நெற்றியைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். தேடிப் பார்த்து, கடைசியில் எஸ்தோனியக் குளிரில் சிவந்துபோயிருந்த மூக்கைக் கண்டுபிடித்தாள். கையைத் தூக்கினாள்.

டப்.

பிரவீணன் கண்ணை மூடி அசையாமல் இருந்தான். இருட்டு. அந்தச் சிரிப்பு அவன் முகத்துக்கு நேரே, எச்சில் தெறிக்கத் தெறிக்க வந்தது. கண்ணைத் திறந்தான். டப். மூடினான். திறந்தான். டப். ஒருதரம் களவாக ஒரு கண்ணால் பார்த்தான். அவள் பிடித்துவிட்டாள், இரண்டு கையாலும் அடித்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு, கோயிலில் எப்போதும் பிரவீணனை விசாரிக்கும் நவரத்தினம் மாமா வந்தார். "கேற்றறிங் கொன்ராக்ற் எப்பிடித் தம்பி?" என்று அவர் கேட்க, சண்முகராசா அவசரமாகக் கோழிக்கறியை நீட்டினார். பிரவீணன் கதையைத் தொடங்கிவிட்டான். மடியில் சுவர்ணா அவன் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். சங்கிலி பறந்தது. கல்குலேற்றர் உதைபட்டது. ஸ்டெதஸ்கோப் ஜன்னலால் வெளியே போனது. தவநாயகி கரண்டியை வைத்துவிட்டு வாயைப் பிளந்தாள், அன்று அவளும் அங்கேதான் இருந்தவள்.

"பிள்ளை ஒண்டையும் தொடேல்லை மாமா. நேரே என்ர முகத்தை எடுத்தவள்! அப்பாவை அறியாத பிள்ளை உலகத்தில இருக்கே?"

பிரீத்தா பிள்ளையைப் பார்த்தாள், அது கடிக்கும் விரலைப் பார்த்தாள். இனிச் சொன்னால் பாதகமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"மாமா, போன் நிமிந்து நிக்கேல்லையெண்டு நான் பின்னால ஒரு கொழுக்கட்டையை முண்டு குடுத்து வைச்சனான். பிள்ளை அதைத்தான் எட்டி எடுத்தவள். இவர் நடுவில நிண்டபடியால் இவருக்கும் ஒரு கடி விழுந்தது."